மேல் தட்டில் வைத்த மருந்து

பிப்ரவரி 3, திங்கள்

கம்பெனியில் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி ஒரு மாதமாகச் சும்மா கிடந்தது. எழுதி வைத்தால் பின்னால் யாராவது கேட்கும்போது தேதியோடு சொல்லலாம். இந்த வீட்டில் எனக்கு ஒரு சாட்சி வேண்டும்.

மத்தியானம் சஷ்டிகாவின் டீச்சர் போன் செய்தார். பிள்ளை வகுப்பில் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருக்கிறாளாம். வாசிக்கச் சொன்னால் இரண்டு வரிக்கு ஒருமுறை நிறுத்தி வாயால் மூச்சு வாங்குகிறாளாம். எல்லாம் சொல்லிவிட்டு, "வீட்ல யாரும் கவனிக்கலீங்களா?" என்றார். யாரும் என்றால் நான்தான். சித்திக்காரி கவனிக்கவில்லை என்று பொருள்.

கவனிப்பதுதான் என் தொழிலே. திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங். நாளுக்கு எண்ணூறு பீஸ் என் கை வழியாகப் போகிறது. ஓட்டை, கறை, தையல் விட்ட இடம், எதுவும் தப்பாது. இவரைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. முதல் மனைவி சுகன்யா டெங்கு காய்ச்சலில் போய் நான்கு வருஷம். ஒன்பது வயது சஷ்டிகா அவள் பெண்.

சாயங்காலம் பிள்ளையை ஜன்னல் பக்கம் நிற்க வைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு மூக்கிலும் உள்ளே வெளுப்பாக, ஈரப் பளபளப்போடு ஏதோ இருந்தது. உரித்த நுங்குத் துண்டு மாதிரி. மணி, பஞ்சு, ரப்பர் என்று எதையாவது திணித்துக்கொண்டாயா என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்து இல்லை என்றாள். நம்பவில்லை.

அவர் வந்ததும் சொன்னேன். சளியாக இருக்கும் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

பிப்ரவரி 5, புதன்

நம் தெரு டாக்டர் அலர்ஜி என்றார். சிரப் கொடுத்தார். பஞ்சுத் தூசி ஆகாது என்றும் சொன்னார்.

ஒரு மணி நேரத்தில் காங்கேயத்திலிருந்து ரேணுகா அக்காவின் போன். சுகன்யாவின் அக்கா. "கோகிலா, கம்பெனித் துணியோட புள்ளைகிட்டப் போகாதே, தூசி ஆகாதாமே" என்றார். டாக்டர் சொன்னது அதற்குள் அவருக்கு எப்படித் தெரிந்தது? வீட்டுக்காரரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மிச்சம் இருப்பது பிள்ளைதான். இந்த வீட்டில் நடப்பதெல்லாம் அங்கே போகிறது.

பிப்ரவரி 8, சனி

ரேணுகா அக்கா வந்தார். மாதம் இரண்டு சனிக்கிழமை வருகிறார். சமையல்கட்டில் ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து பார்த்தார். பிள்ளையின் மணிக்கட்டை விரலால் வளைத்துப் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

சிரப்பில் ஒன்றும் ஆகவில்லை. அரை நாள் லீவு போட்டு மூன்று பேரும் கோயம்புத்தூர் போனோம். காது மூக்குத் தொண்டை டாக்டர் ஷாஹிதா பானு. ஐம்பது வயது இருக்கும், அவசரமில்லாத பெண். மூக்கு மரத்துப்போக மருந்து வைத்துவிட்டு, நுனியில் கேமரா வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டார். பிள்ளை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். திரையில் நான் பார்த்த அதே நுங்கு தெரிந்தது. ஒன்றல்ல, கொத்தாக.

திணித்தது எதுவும் இல்லையாம். உள்ளே வளர்ந்த சதை. பாலிப் என்றார். பெரியவர்களுக்குச் சகஜமாக வரும், குழந்தைகளுக்கு அபூர்வம், அதுவும் இரண்டு பக்கமும் வந்தால் ஏன் வந்தது என்று தேடியாக வேண்டும் என்றார். இப்போதைக்கு உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவ வேண்டும். தினமும் இரண்டு வேளை ஸ்ப்ரே. ஒரு மாதம் கழித்து ஸ்கேன்.

பிறகு கேள்விகள். அடிக்கடி இருமல் உண்டா? வருஷத்துக்கு மூன்று தடவையாவது உண்டு. சாப்பாடு? நன்றாகச் சாப்பிடுவாள், உடம்பில் ஒட்டாது. பெற்றவர்கள் சொந்தமா?

"ஆமாங்க, மாமன் பொண்ணு" என்றார் இவர்.

"குடும்பத்துல கைக்குழந்தை ஏதாவது தவறியிருக்குதா?"

"இல்லைங்க."

கேள்வி முடியும் முன்பே அந்த இல்லை வந்துவிட்டது. மற்றதற்கெல்லாம் யோசித்து யோசித்துத்தான் பதில் சொன்னார். இதற்கு மட்டும் யோசிக்கவில்லை. வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

பிப்ரவரி 15, சனி

ஸ்ப்ரே டப்பாவுக்குள் இருந்த காகிதத்தைக் கம்பெனிக்கு எடுத்துப்போய் மரகதத்தைப் படிக்கச் சொன்னேன். செக்கிங் மேஜையில் அவள் எனக்கு எதிர்ப்பக்கம். இங்கிலீஷ் படிப்பாள். இது ஸ்டீராய்டு என்றாள். அவள் தெருவில் ஒரு பிள்ளைக்கு இந்த மாதிரி மருந்து கொடுத்து வளர்த்தியே நின்றுபோனதாம். அந்த டாக்டர் இதை நம்மிடம் ஏன் சொல்லவில்லை?

சஷ்டிகா ஏற்கனவே வகுப்பில் எல்லோரையும் விடக் குள்ளம். நாளைக்கு வளராமல் போனால் யாரைச் சொல்வார்கள்?

ஸ்ப்ரேயை பீரோவின் மேல் தட்டில் வைத்தேன். குழந்தை கைக்கு எட்டாத இடம்.

பிப்ரவரி 20, வியாழன்

மூக்குக் கழுவுவது ஒழுங்காக நடக்கிறது. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், டாக்டர் சொன்ன அளவு உப்பு. முதல் இரண்டு நாள் அழுதாள். இப்போது வாஷ்பேசினுக்கு மேல் குனிந்து தானே தலையைச் சாய்க்கிறாள். ஒரு மூக்கில் விட்டால் மறு மூக்கில் வர வேண்டும், சொட்டுத்தான் வருகிறது. முடிந்ததும் தலையைத் துவட்டிவிடுகிறேன். கடமைதான்.

பிப்ரவரி 27, வியாழன்

ஸ்ப்ரே அடிக்கிறாயா என்று கேட்டார். பாட்டில் பெரியது, சீக்கிரம் தீராது என்றேன். அவர் அதைக் கேட்கவில்லை என்று பிறகுதான் உறைத்தது.

மார்ச் 4, செவ்வாய்

ஸ்கூலில் விளையாட்டு விழாவுக்குப் பழக்குகிறார்கள். வெயிலில் ஓடிவிட்டு சஷ்டிகா மயங்கி விழுந்துவிட்டாள். பர்மிஷன் போட்டு ஓடினேன். நிழலில் படுக்க வைத்திருந்தார்கள். நெற்றியிலும் கழுத்திலும் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. முகப்பவுடர் என்று நினைத்துத் துடைத்தேன். விரலில் நறநறத்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. கருநீலச் சட்டையில் அக்குள் பக்கம் கோலம் போட்ட மாதிரி வெள்ளைக் கோடுகள். கறை பார்ப்பதே என் வேலை. வேர்வை இப்படிக் காயாது என்று எனக்குத் தெரியும்.

அந்தச் சட்டையைத் துவைக்காமல் வைத்திருந்து அவரிடம் காட்டினேன். கையில் வாங்கினார். தடவிப் பார்த்தார். அப்படியே கட்டிலில் வைத்துவிட்டு வெளியே போய் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நிட்டிங் மெஷின் மெக்கானிக் அவர். எதைக் கொடுத்தாலும் என்ன ஏது என்று பிரித்துப் பார்க்கிற ஆள், ஒரு கேள்வி கேட்கவில்லை.

அவருக்கு ஏதோ தெரியும்.

மார்ச் 14, வெள்ளி

கோயம்புத்தூர். ஸ்கேன் எடுத்தார்கள். மூக்கைச் சுற்றி எலும்புக்குள் காற்று இருக்க வேண்டிய அறைகள் கறுப்பாகத் தெரிய வேண்டுமாம். சஷ்டிகாவுக்கு ஒன்றுகூடக் கறுப்பாக இல்லை. எல்லாம் அடைத்துக் கிடக்கிறது.

கேமரா வைத்துப் பார்த்துவிட்டு டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். ஸ்ப்ரே இரண்டு வேளையும் போடுகிறோமா என்று கேட்டார். போடுகிறோம் என்றேன். பிள்ளையிடமும் கேட்டார். "பாப்பா, தினமும் அடிச்சுக்கறயா?" சஷ்டிகா என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

ஏன் தலையாட்டினாள்? சனிக்கிழமை பெரியம்மாவிடம் சொல்வதற்காகச் சேர்த்து வைக்கிறாளா?

உப்புப் பூத்ததைச் சொன்னேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். பிறகு இவர் பக்கம் திரும்பி, நிதானமாக, வீட்டில் சின்னக் குழந்தை யாராவது இருமலில், வயிற்றுப்போக்கில் இறந்ததுண்டா என்று இரண்டாம் முறை கேட்டார். இல்லைங்க என்றார் இவர். இந்த முறை தரையைப் பார்த்து.

வேர்வையில் எவ்வளவு உப்பு என்று அளக்க ஒரு பரிசோதனை இருக்கிறதாம். இங்கே செய்வதில்லை, சென்னை போக வேண்டும். எழுதிக் கொடுத்தார்.

டாக்டர் முகத்துக்கு நேரே பொய் சொல்கிறவரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

அவர் கறி எடுக்கப் போயிருந்தபோது பீரோவின் அடித்தட்டைப் பார்த்தேன். பத்திரங்களுக்கு அடியில் பழைய பிளாஸ்டிக் கவர். அதற்குள் மஞ்சள் நிறத் தடுப்பூசி அட்டை. தாய் பெயர் சுகன்யா. ஆண் குழந்தை. சஷ்டிகாவுக்கு இரண்டு வருஷம் மூத்தது. எடைக் கோடு மூன்று மாதம் வரை மேலே போய், அப்புறம் படுத்து, கீழே இறங்குகிறது. ஏழாம் மாதத்துக்குப் பிறகு கட்டங்கள் காலி.

இரண்டு வருஷமாக இந்த வீட்டைப் பெருக்குகிறேன். இப்படி ஒரு குழந்தை இருந்ததை ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. சுவரில் சுகன்யா படம் இருக்கிறது. இந்தக் குழந்தைக்கு எதுவும் இல்லை. எதற்காக மறைக்க வேண்டும்? என்ன செய்தார்கள் அந்தக் குழந்தையை?

கறிக்குழம்பு வைத்தேன். அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். நான் அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுக் காங்கேயம் பஸ் ஏறினேன்.

ரேணுகா அக்கா என்னைக் கண்டதும் பயந்துவிட்டார். பிள்ளைக்கு என்னவோ என்று நினைத்திருக்கிறார். அட்டையை மேஜைமேல் வைத்தேன். அதை எடுக்கவே இல்லை. எட்ட நின்றபடி பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

பேர் மித்ரன். பிறந்தபோது நன்றாக இருந்தானாம். எவ்வளவு பால் குடித்தாலும் பசி அடங்காது. குடித்தது எண்ணெய் மிதக்க வெளியே போகும். நெஞ்சில் எப்போதும் சளி. "முத்தம் குடுத்தா உப்புக் கரிக்குதுக்கான்னு சுகன்யா சொல்லுவா. புள்ளையை ஒழுங்காக் குளிப்பாட்டலைன்னு நானே அவளைத் திட்டியிருக்கேன்."

ஏழாம் மாதம் மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சுகன்யா அழுதிருக்கிறாள். தொண்டையில் பால் தங்கியிருக்கிறது, குழல் வைத்து உறிஞ்சித் தொக்கம் எடுத்தால் சரியாகும் என்று பெரியவர்கள் சொல்ல, இவர்தான் வண்டியில் வைத்து ஊர் ஊராக இரண்டு பேரிடம் கொண்டுபோயிருக்கிறார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வாசலில் குழந்தை போய்விட்டது. தாய்ப்பால் சரியில்லை என்று பழி சுகன்யாமேல் வந்தது. இவர் வாயே திறக்கவில்லை. அடுத்த பிள்ளை பிறந்ததும், இதைப் பேசினால் இவளையும் நோய்க் குடும்பத்துப் பிள்ளை என்பார்கள் என்று எல்லோருமாகச் சேர்ந்து மூடிவிட்டார்கள்.

அழுதபடியே என்னைப் பார்த்து இன்னொன்றும் சொன்னார். "உன்னையும் தப்பா நெனச்சேன் கோகிலா. புள்ளை எளைச்சுட்டே போறாளே, நீ சோறு போடறயா இல்லையான்னு பாக்கத்தான் சனிக்கிழமை சனிக்கிழமை வந்தேன்."

தெரியும் என்றேன். தெரு டாக்டர் சொன்னது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அந்தக் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிற பெண் அவருடைய நாத்தனார் மகளாம்.

பஸ்ஸில் திரும்பும்போது மழை தூறியது. அப்படியென்றால் சஷ்டிகா அவரிடம் எதுவும் சொல்லவில்லை. இந்த இரண்டு வருஷத்தில் எதையுமே சொல்லியிருக்க மாட்டாளோ என்னவோ.

மார்ச் 19, புதன்

காலையில் பிள்ளை ஸ்கூல் வேன் ஏறியதும் அட்டையை அவர்முன் வைத்தேன். டாக்டரிடம் சொல்லியாக வேண்டும் என்றேன்.  சட்டைப் பொத்தானைப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அவனை நாந்தான் கொன்னேன்னு அந்த டாக்டரம்மாகிட்டச் சொல்லச் சொல்றயா?" என்றார்.

"அப்படிச் சொல்ல வேண்டாங்க. நடந்ததைச் சொல்லுங்க. அவங்களுக்கு அது தெரியலைன்னா இவளுக்கு எப்படி வைத்தியம் பார்ப்பாங்க?"

"உனக்குச் சொல்றது சுலபம்" என்றார்.

அவர் அழுது நான் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். மறைத்தது தப்பு என்று அழுத்திச் சொன்னேன். டாக்டரிடம் போய் மறைக்கலாமா என்றேன். ஸ்ப்ரே விஷயம் அப்போது நினைவுக்கு வரவில்லை. வந்தது. அந்தப் பேச்சில் அதற்கு இடம் இல்லை.

ஏப்ரல் 3, வியாழன், சென்னை

ரயிலில் சஷ்டிகா ஜன்னலை விடவில்லை. ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் வாய்விட்டு வாசித்தாள். வாசித்து மூச்சு வாங்கி, மறுபடி வாசித்தாள்.

முன்கையில் மருந்து வைத்துக் கொஞ்சமாகக் கரன்ட் கொடுத்தார்கள். குறுகுறுக்கிறது என்றாள். அப்புறம் அந்த இடத்தில் ஒரு வில்லையை வைத்துக் கட்டி அரை மணி உட்காரச் சொன்னார்கள். வேர்வை அதில் சேருமாம். இவ்வளவுதான். ஊசி இல்லை, ரத்தம் இல்லை. ஆனால் அந்த அரை மணியும் அவர் நடந்துகொண்டே இருந்தார்.

ஏப்ரல் 4, வெள்ளி

இரண்டு தடவை அளந்திருக்கிறார்கள். அறுபதைத் தாண்டினாலே நோய். சஷ்டிகாவுக்குத் தொண்ணூற்றிரண்டு, எண்பத்தொன்பது.

பெயர் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். இங்கிருந்த குழந்தைகள் டாக்டர் படம் வரைந்து சொன்னார். உடம்பில் உப்பும் தண்ணீரும் போய்வருகிற வழி பிறவியிலேயே கெட்டிருக்கிறது. அதனால் சளி பசை மாதிரி இறுகிவிடுகிறது. நுரையீரலில் தங்கினால் இருமல், வயிற்றில் தங்கினால் சாப்பிட்டது ஒட்டாது, மூக்கில் தங்கினால் சதை. மூக்கைப் பார்த்து இதைச் சந்தேகப்பட்ட டாக்டர் கெட்டிக்காரர் என்றார். பலருக்கு இது என்னவென்று தெரியாமலே போய்விடுகிறதாம். முழுக்கக் குணமாகாது. தினமும் பார்த்துக்கொண்டால் நன்றாக வாழலாம்.

அப்போது இவர் எழுந்து நின்றார். உட்கார்ந்து சொல்ல முடியவில்லை போலிருக்கிறது. "ஒண்ணு மறைச்சுட்டேனுங்க" என்று ஆரம்பித்து மித்ரனைப் பற்றி எல்லாம் சொன்னார். தொக்கம் எடுக்கப் போனது வரை. கடைசியில், "அன்னைக்கே கொண்டுவந்திருந்தா பொழைச்சிருப்பானுங்களா?" என்று கேட்டார்.

டாக்டர் வரைந்த படத்தை ஓரமாகத் தள்ளினார். தெரியாது என்றார். சில நாள் கூடுதலாக இருந்திருக்கலாம், ஆனால் இந்த நோயை அன்று இங்கே யாரும் தேடியிருப்பார்களா என்பது சந்தேகம் என்றார். இது அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பாதி பாதியாக வருவது. பாலாலும் இல்லை, குளிப்பாட்டாததாலும் இல்லை என்றார்.

இவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். வெளியே வந்து சஷ்டிகாவுக்கு உப்புப் போட்ட மோர் வாங்கிக் கொடுத்தார். இனி அவளுக்கு உப்பு கூடுதலாக வேண்டுமாம்.

ஏப்ரல் 5, சனி

இன்று முதல் ஸ்ப்ரே. இரண்டு வேளை.

ஏப்ரல் 21, திங்கள்

டாக்டர் ஷாஹிதா கேமரா வைத்துப் பார்த்தார். இடது பக்கம் துளி சுருங்கியிருக்கிறதாம். "பத்து வாரம் போட்டும் இவ்வளவுதானா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். மருந்து இந்தப் பிள்ளைக்குக் கேட்கவில்லை, காத்திருந்து பயனில்லை, இரண்டு பக்கமும் ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். வருகிற திங்கட்கிழமை.

மயக்க மருந்து டாக்டர் முதுகில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். நெஞ்சில் சளி இருக்கிறது, கொஞ்சம் ரிஸ்க்தான், மூக்கு டாக்டர் அவசியம் என்கிறார்கள், ஜாக்கிரதையாகச் செய்வோம் என்றார்.

பத்து வாரம் இல்லை. பதினாறு நாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கம்பெனியில் நான் பாஸ் செய்த நாற்பது பீஸில் ஓட்டை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

ஏப்ரல் 23, புதன்

எழுத ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 24, வியாழன்

சாயங்காலம் சஷ்டிகாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். முகம் தெரியாததால் கேட்க முடிந்தது. அன்றைக்கு டாக்டர் கேட்டபோது ஏன் தலையாட்டினாய் என்றேன்.

"நீங்க போடறேன்னு சொன்னீங்களே" என்றாள்.

"பெரியம்மா கேட்கலையா?"

"கேட்டாங்க. தினமும் போடறாங்கன்னு சொன்னேன்."

ஏன் என்று கேட்டேன்.  பின்னலை முடித்து ரிப்பன் கட்டினேன். அப்புறம் சொன்னாள்.

"இல்லைன்னா உங்களை அனுப்பிச்சுருவாங்க."

நான் ரிப்பனை அவிழ்த்து மறுபடி கட்டினேன். அவள் ஒற்றர் வேலை பார்க்கிறாள் என்று இந்த டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். அடித்துவிட நினைத்தேன். இருக்கட்டும். சாட்சி வேண்டும் என்றுதானே எழுத ஆரம்பித்தேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட வரச் சொல்லியிருந்தார்கள். ரேணுகா அக்காவும் வந்திருந்தார். தாளை டாக்டர் நீட்டியதும் இவர் பேனாவை எடுத்தார். நான் பையிலிருந்து ஸ்ப்ரே பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தேன். முக்கால்வாசிக்கு மேல் இருந்தது.

ஏப்ரல் ஐந்தாம் தேதி வரை ஒரு தடவைகூட அடிக்கவில்லை என்றேன். கேட்டதற்குப் பொய் சொன்னேன் என்றேன். வளர்த்தி நின்றுவிடும் என்று ஒருத்தி சொன்னதை நம்பி மேல் தட்டில் வைத்துவிட்டேன் என்றேன். 

ரேணுகா அக்கா எழுந்து வெளியே போனார். இவர் பேனாவை மூடினார்.

டாக்டர் பாட்டிலை எடுத்து ஆட்டிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "இந்தப் பயம் உங்களுக்கு இருந்ததை நான் கேட்டிருக்கணும். மூக்குல அடிக்கிறது உடம்புல ரொம்பக் கொஞ்சம்தான் சேரும், உயரத்தையும் அளந்துட்டேதான் வருவோம். அதை நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்றார். பிறகு நேராகப் பார்த்தார். "ஆனா இனிமே என்கிட்டப் பொய் சொல்லாதீங்க. கேமராவுல பாக்கறதைவிட நீங்க சொல்றதை வெச்சுத்தான் நான் கத்தி எடுக்கறேன்."

பதினாறு நாளிலேயே சுருங்க ஆரம்பித்திருக்கிறது என்றால் மருந்து கேட்கிறது. ஆபரேஷன் தள்ளிப்போயிற்று. முதலில் நெஞ்சுச் சளி, கூடவே ஸ்ப்ரே. எட்டு வாரம்.

வரும் வழியில் இவர் ஒரு கேள்விதான் கேட்டார். "எத்தனை தடவை பொய் சொன்னே?"

டாக்டரிடம் இரண்டு, பத்து வாரம் என்றபோது வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சேர்த்து; உங்களிடம் ஒன்று என்று சொல்லிவிட்டு, ஓவர்டைம் என்று காங்கேயம் போன நாளையும் சேர்த்தால் இரண்டு என்றேன்.

"நான் ரெண்டு" என்றார். 

மே 10, சனி

காலை ஆறு மணி: ஆவி பிடிக்கிற மெஷினில் உப்பு மருந்து. பிறகு அவர் பிள்ளையைக் குப்புறப் படுக்க வைத்து முதுகில் கையைக் குழித்துத் தட்டுகிறார். சளி கரைந்து வர வேண்டும். சாப்பாட்டோடு மாத்திரை. மூக்குக் கழுவல், ஸ்ப்ரே. ஸ்ப்ரே அடிக்கும்போது அவர் பக்கத்தில் வந்து நின்று பார்க்கிறார். காலண்டரில் டிக் போடுகிறார்.

செக்கிங் மேஜையில் இந்தப் பக்கம் உட்கார்ந்தே பழக்கம். பீஸாக இருப்பது எப்படி என்று இப்போது தெரிகிறது. நிற்கட்டும். பார்க்கட்டும்.

ரேணுகா அக்கா இரண்டு சனிக்கிழமையாக வரவில்லை. இன்று வந்தார். என்னோடு பேசவில்லை. ஆனால் பாத்திரங்களைத் திறக்கவில்லை. போகும்போது ஆவி மெஷினை எப்படிக் கழுவுவது என்று கேட்டார். காட்டினேன்.

ஜூன் 20, வெள்ளி

இடது பக்கம் ஏறக்குறைய காலி. வலது பக்கம் மட்டும் அடைப்பு நிற்கிறது. அதற்கு ஆபரேஷன் வேண்டும், ஆனால் முதலில் நினைத்ததில் பாதிகூட இல்லை என்றார் டாக்டர். எடை இரண்டு கிலோ கூடியிருக்கிறது. உயரத்தை நானே கேட்டு அளக்கச் சொன்னேன். ஒரு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறாள்.

ஜூலை 9, புதன்

ஒரு மணி பத்து நிமிஷம் உள்ளே இருந்தாள். இவரும் ரேணுகா அக்காவும் நானும் ஒரே பெஞ்சில். யாரும் யாரையும் பார்க்கவில்லை. கதவு திறந்து டாக்டர் தலையை அசைத்ததும் ரேணுகா அக்கா என் முழங்கையைப் பிடித்தார். பிடித்தது என்னைத்தான் என்று தெரிந்தும் விடவில்லை.

திரும்ப வளரலாம் என்றார் டாக்டர். இந்த நோய் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் வளரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். கழுவலும் ஸ்ப்ரேயும் நிற்கவே கூடாது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மூக்கில் காய்ந்திருந்ததெல்லாம் போய்விட்டது. வாயை மூடிக்கொண்டு தூங்குகிறாள்.

நேற்று ஒரு ஷிப்மெண்ட்டுக்காகச் சாயங்காலம் வரை வேலை. வீட்டுக்குள் நுழைந்து பையை வைக்கும் முன் சஷ்டிகா ஓடிவந்தாள். ஓடிவந்தவள் ஒரு அடி தள்ளி நின்றுவிட்டாள். மூக்கைச் சுளித்து, என் தோள் பக்கம் எட்டி மோந்து பார்த்தாள்.

"சித்தி, உங்க மேல என்னமோ வாசம் அடிக்குது" என்றாள்.

மெஷின் ஆயிலும் புதுத் துணியும் கலந்த வாசம். பதினோரு வருஷமாக என்மேல் இருப்பது. இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் இருப்பது. இரண்டரை வருஷம் ஒரே பாயில் படுத்தவளுக்கு அது இப்போதுதான் தெரிகிறது.

நல்லா இல்லையா என்று கேட்டேன். 

"தெரியலை" என்றாள். "இருங்க, இன்னொருக்கா பாக்கறேன்."

வாயை மூடிக்கொண்டு, என் சேலையில் முகத்தை வைத்து, ஆழமாக இழுத்தாள்.